மாம்பழச்சாலைச் சிலையின் முகம்

1959-ஆம் வருஷம், ஆடிப் பதினெட்டு. காலை 10.50.

மாம்பழச்சாலையில், காவிரிக் கரையை ஒட்டிய கல் கொட்டகையில் பதினைந்து பேர் கைதட்டக் காத்திருந்தார்கள். சிற்பி அடைக்கலராஜ் சிலைமேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைப் பிடித்து இழுத்தார். துணி சரிந்தது. கைதட்டல் எழவில்லை.

ஆறடிப் பெண் உருவம். பீடத்தோடு சேர்த்தால் ஏழடி. புடவை மடிப்பு, தோள், வளையல், நெஞ்சுக்கு நேரே ஒரு சின்னக் கல்லைப் பிடித்திருக்கும் இரண்டு விரல்கள், எல்லாம் கறுத்து மினுமினுத்தன. கழுத்துக்கு மேலேதான் பயங்கரம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கருங்கல் உடைந்து வெள்ளை வெளேரென்று தெரிந்தது. காலடியில் சில்லுகள் சிதறிக் கிடந்தன. சிலையின் தலையில் எப்போதும் கட்டியிருக்கும் கோணிச் சாக்கு கிழிந்து பீடத்தில் தொங்கியது.

"பாவிங்களா! மூணு வருஷ உழைப்பாச்சே!" என்று யாரோ அலறினார்கள்.

அடைக்கலராஜ் எதையோ சொல்ல வந்தவர்போல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தின் ஓரத்தில் நஜ்முன்னிசா நின்றிருந்தாள். பீமநகரிலிருந்து அவள் சிலை பார்க்க வரவில்லை. அமிர்தத்தைப் பார்க்க வந்திருந்தாள்.

அமிர்தம் அடைக்கலராஜின் மனைவி. எட்டு வருஷத்துக்கு முன்னால் விஷக் காய்ச்சலில் போனவள். அதற்கு முன் பதினோரு வருஷம், பீமநகர்ப் பட்டறை ஒன்றில் அவளும் நஜ்முன்னிசாவும் எதிரெதிரே உட்கார்ந்து கற்களுக்குப் பட்டை தீட்டினார்கள். அந்தக் காலத்துத் திருச்சியில் தெருவுக்குத் தெரு சாணை சுற்றும் ஓசை கேட்கும். காதுத் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் வைரமாக மின்னும் செயற்கைக் கற்கள் அங்கிருந்துதான் ஊர் ஊராகப் போயின. மதியம் இருவரும் சோற்றுத் தூக்கை மாற்றிக்கொள்வார்கள். ஆடிப் பெருக்கன்று பட்டறைக்கு விடுமுறை. ஒருத்தி கிறிஸ்தவள், ஒருத்தி முஸ்லிம். இருந்தாலும் இருவரும் அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, இரு கரையும் தொட்டு ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் யார் கொடுத்தாலும் சித்திரான்னத்தை வாங்கித் தின்றுவிட்டு வருவார்கள். அமிர்தத்துக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கல்யாணத்தன்று எடுத்த ஒன்றும் செல்லரித்துப் போயிற்று.

அந்த முகத்தைக் கல்லிலாவது இன்னொரு தரம் பார்க்கலாம் என்றுதான் நஜ்முன்னிசா காலையில் ஜட்கா ஏறினாள். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்பது மணிக்கே அடைக்கலராஜ் அவளுக்காகக் காத்திருந்தார். மற்ற விருந்தாளிகளும் வந்து சேர்ந்த பிறகு எல்லோருமாகப் பாலத்தைக் கடந்து வந்தார்கள். வழியில் அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"இன்னைக்கு எல்லார் முன்னாலயும் நான் ஒண்ணு சொல்லணும் தங்கச்சி."

அதை அவர் சொல்லவே இல்லை.

காலை 11.25. சப்-இன்ஸ்பெக்டர் நல்லுசாமி அம்மா மண்டபத்துக் கூட்டத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். நேர்மையான மனிதர், ஆனால் அன்றைக்கு அவசரத்தில் இருந்தார்.

"மறுபடி ஒரு முகம் செஞ்சு ஒட்ட முடியாதா? முதல்ல மண்ணுல பிடிச்ச மாதிரி உருவம் இருக்குமே?"

"நான் மாதிரி உருவம் பண்றதில்ல சார்," என்றார் அடைக்கலராஜ்.

மற்றவர்கள் மண்ணில் உருவம் பிடித்து, அளவெடுத்து, அந்த அளவைக் கல்லுக்கு மாற்றுவார்கள். அடைக்கலராஜ் அப்படியல்ல. உளியை நேரே கல்லில்தான் வைப்பார். கல்லுக்கு முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பார், பிறகு வெட்டுவார். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் இந்த முகத்துக்கு இந்த உலகத்தில் வேறு பிரதி இல்லை.

"துணியை யார் போர்த்தினது?"

"நான்தான். காலைல எட்டு மணிக்கு."

"அப்ப முகம்?"

"அப்ப உடையல."

"சாக்கை அவிழ்த்துப் பாத்தீங்களா?"

"சாக்கு கட்டினபடியே இருந்துச்சு. எட்டரைக்கு பஸ் ஏறிட்டேன். இவங்க எல்லாரும் கூட இருந்தாங்க."

"யார் மேல சந்தேகம்?"

"யார் மேலயும் இல்ல. கேஸ் வேண்டாம் சார்."

"உங்களுக்கு வேண்டாம்னாலும் எனக்கு வேணும். சாயங்காலம் மெட்ராஸ் கண்காட்சிக்குப் போகவேண்டிய சிலை இது. பேப்பர்ல வரும்."

அடுத்து பொன்னுத்தாய். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கொட்டகையில் சிலைகளுக்கு மெருகு போடுகிறவள். குட்டையான, உறுதியான பெண். நாற்பது வயதிருக்கும். ஆடிப் பெருக்குக்கு முகமெல்லாம் மஞ்சள் பூசியிருந்தாள். இடது புருவத்தின்மேல் அது அப்பியதுபோலத் தடித்திருந்தது.

"காலைல எங்க இருந்தீங்க?"

"அம்மா மண்டபத்துலங்க. ஐயா போனதும் போனேன். முழுகிட்டு, கயிறு மாத்திட்டு, பத்தரைக்கு வந்தேன்."

"முகத்தைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம்கூட ஈரத்துணியால துடைச்சேனுங்க. கண்ணு, மூக்கு, உதடு எல்லாம் கண்ணாடியாட்டம் பளபளன்னு இருந்துச்சு."

அடைக்கலராஜ் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

எதிர்த்த டீக்கடை அழகிரிதான் நல்லுசாமிக்கு வேண்டியதைக் கொடுத்தார். "ஒம்பதே முக்கால் இருக்கும் சார். வீரமலை சம்மட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு இங்கேருந்து வெளிய போனான். போன வாரம் என் கடையிலயே கத்தினான், அந்தச் சாக்கை ஒருநாள் நானே கிழிச்சு எறியறேன்னு."

பகல் 12.10. வீரமலையைக் கூட்டிவந்தார்கள். மருங்காபுரிப் பக்கத்துப் பாறையிலிருந்து இந்தக் கல்லைப் பிளந்து கொண்டுவந்தவன் அவன். ஆறடி ஆள், கொட்டகை வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். முகத்தில் பழைய கல் தெறித்த வடுக்கள் இரண்டு மூன்று. புதிதாக ஒரு கீறலும் இல்லை.

"எதுக்கு வந்த?"

"என் சம்மட்டியை எடுக்க வந்தேங்க. வாசல்லயே கிடந்துச்சு. உள்ள போகல."

"சாக்கைக் கிழிக்கறேன்னு சொன்னியா?"

"சொன்னேன். நான் கொண்டாந்த கல்லுங்க. மூணு வருஷமா அதோட முகத்தை எனக்குக் காட்டல. கோபம் வராதா?"

"உள்ள யாராவது இருந்தாங்களா?"

"உளிச் சத்தம் கேட்டுச்சு. ஐயாதான் வேலை பாக்கறாருன்னு நெனச்சேன். எனக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்லாததால எட்டிப் பாக்கல."

"ஐயா அப்ப சத்திரத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு. ஏறு வண்டியில."

கூட்டத்துக்கு நடுவே அவனை நடத்திக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று ஒரு தரம் திரும்பி அடைக்கலராஜைப் பார்த்தான். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கலைந்தார்கள். நஜ்முன்னிசா போகவில்லை. சிலையின் காலடியில் உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். துக்கத்தில் செய்கிறாள் என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை. நினைத்தது சரிதான். அமிர்தத்தின் உதட்டோரம் ஒரு துண்டு கிடைக்காதா, இமை ஒன்று கிடைக்காதா, வீட்டுக்கு எடுத்துப் போகலாமே என்றுதான் தேடினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பட்டறை வேலைக்காக எப்போதும் பையில் வைத்திருக்கும் சின்ன லென்ஸை எடுத்தாள்.

கூரையின் அந்தப் பக்கம் ஓலை மட்கி வானம் தெரிந்தது. கீழே, மழைக்கு ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க ஒரு தகரம் வைத்திருந்தார்கள். கிழிந்த சாக்கை ஒதுக்கியபோது பூஞ்சை வாடை அடித்தது.

ஒவ்வொரு சில்லாகத் திருப்பினாள். உடைந்த பக்கம் புது வெள்ளை. வெளிப்பக்கம் உளிமுனை கொத்திய குழிகள். குழிகளுக்குள் மங்கலாகப் பச்சை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். விரல்நுனி அளவு கல்லில் ஐம்பத்தெட்டுப் பட்டைகளைத் தடவியே எண்ணிவிடும் கை அது. நூற்றுப் பதினேழாவது சில்லைத் துப்பட்டியில் வைத்தபோது அந்தக் கை நின்றுவிட்டது.

"யா அல்லாஹ்," என்றாள் மெல்ல.

பிறகு முக்காலி போட்டு ஏறி, சிலையின் உடைந்த இடத்தைத் தடவினாள். அடிபட்ட தடங்கள் எல்லாம் கீழிருந்து மேலாக ஓடின. தாடை இருக்கவேண்டிய இடத்தில் கல் ஆழமாகப் போயிருந்தது. நெற்றிப் பக்கம் அதிகம் சேதமில்லை.

பிற்பகல் 3.40. அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. புதுப் புடவைகள், தாம்பாளங்கள், காதோலை கருகமணி விற்கும் குரல்கள், குழந்தைகள் இழுத்துப்போகும் சப்பரங்கள். இந்த வருஷமும் தண்ணீர் இரு கரை புரண்டது. எட்டு வருஷமாக அவள் அந்தப் பக்கம் வரவில்லை. இருவரும் உட்காரும் படியில் யாரோ ஒரு குடும்பம் இலை விரித்திருந்தது. ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்த நல்லுசாமியிடம் போனாள்.

"சார், வீரமலையை விட்டுடுங்க. அவன் பண்ணல."

"நீங்க யாரும்மா?"

"கல் தீட்டறவ. அரை மணி நேரம் எனக்காகக் கொட்டகைக்கு வாங்க. அவனையும் கூட்டிட்டு வாங்க. நான் சொல்றது தப்புன்னா திரும்ப அழைச்சுட்டுப் போயிடலாம்."

அவள் துப்பட்டியை அவிழ்த்துக் காட்டிய சில்லுகளை நல்லுசாமி இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

மாலை 4.30. கொட்டகைக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அடைக்கலராஜ், பொன்னுத்தாய், வீரமலை, நல்லுசாமி, நஜ்முன்னிசா. கான்ஸ்டபிள் வெளியே நின்றார்.

நஜ்முன்னிசா சில்லுகளைத் தரையில் பரப்பினாள்.

"சார், இந்தச் சிலையோட முகத்தை யாரும் உடைக்கல."

"கண்ணெதிர்ல உடைஞ்சு கிடக்குதே!"

"கல்லு உடைஞ்சிருக்கு. முகம் உடையல. இல்லாத முகத்தை எப்படி உடைக்கறது?"

நஜ்முன்னிசா ஒரு சில்லை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"மெருகு போட்ட கல்லு எத்தனை துண்டா உடைஞ்சாலும், அதுல சில துண்டுக்காவது ஒரு பக்கம் வழவழன்னு இருக்கணும். நூத்திப் பதினேழு சில்லு பாத்துட்டேன். ஒண்ணுல இமை இல்ல, உதடு இல்ல, மெருகும் இல்ல. வெளிப்பக்கம் பூரா முதல்ல கொத்தின கரடுமுரடு. அதுலயும் பாசி. ஒழுகற கூரைக்குக் கீழ, நனைஞ்ச சாக்குக்குள்ள வருஷக்கணக்கா கிடந்த கல்லு சார் இது. நேத்து துடைச்ச முகத்துல இன்னைக்குப் பாசி ஏறுமா?"

நல்லுசாமி மெதுவாகத் திரும்பினார். எல்லோரும் அவர் பார்த்த பக்கம் பார்த்தார்கள்.

"அண்ணன் பொய்யா ஒண்ணும் சொல்லல," என்று தொடர்ந்தாள் நஜ்முன்னிசா. "எட்டு மணிக்கு உடையலன்னாரு. சாக்கு கட்டினபடி இருந்துச்சுன்னாரு. முகம் இருந்துச்சுன்னு அவர் வாயால வரவே இல்ல. அதைச் சொன்னது ஒரே ஆள்தான். அது இல்லன்னு தெரிஞ்சும், இருந்துச்சுன்னு ஊரை நம்ப வைக்கணும்னு நெனச்ச ஆள். அடி எல்லாம் கீழேருந்து மேல போயிருக்கு. வீரமலை ஆறடி, அவன் அடிச்சா நேரா விழும். இது தலைக்கு மேல கையைத் தூக்கி அடிச்ச அடி. அவன் கேட்ட உளிச் சத்தமும் நிஜம்தான். பழகாத கை அடிச்சா சில்லு மூஞ்சியில தெறிக்கும். பொன்னுத்தாயி, அந்த இடது புருவத்து மஞ்சளைக் கொஞ்சம் துடைச்சிக் காட்டும்மா."

பொன்னுத்தாய் துடைக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வேர்வையிலும் கண்ணீரிலும் மஞ்சள் தானே கரைந்தது. புருவத்தின் குறுக்கே அரை அங்குலத்துக்குச் செக்கச்செவேலென்று ஒரு வெட்டு.

"நான்தான் பாயம்மா," என்றாள். "மூணு வருஷமா பாக்கறேன். தினம் சாக்கை அவிழ்ப்பாரு. உளியை வைப்பாரு. வெட்டாமலே எடுத்துடுவாரு. திரும்பக் கட்டிடுவாரு. மெட்ராஸ்லேருந்து கடுதாசி வந்தப்ப முகம் முடிஞ்சதுன்னு பதில் எழுதிட்டாரு. இன்னைக்குக் காலைல இந்தக் கல்லைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. பதினஞ்சு பேர் வந்து மொட்டைக் கல்லைப் பாத்துட்டுச் சிரிப்பாங்களேன்னு எனக்குத் தாங்கல. உடைஞ்சு கிடந்தா, இருந்து போச்சுன்னு நெனச்சுக்குவாங்கல்ல? வீரமலை அண்ணனைப் பிடிப்பாங்கன்னு சத்தியமா நெனைக்கல. உண்மையைச் சொன்னா ஐயா மானம் போகும், சொல்லலன்னா அண்ணன் போகுது. மத்தியானத்துலேருந்து எனக்குப் பைத்தியம் பிடிச்சாப்ல இருக்குங்க."

அடைக்கலராஜ் எழுந்து நின்றார். அன்று முதல்முறையாக அவர் குரல் தெளிவாக வந்தது.

"அமிர்தத்தோட முகம் எனக்கு மறந்துபோச்சு."

அவர் சிலையின் விரல்களைத் தொட்டார்.

"கை ஞாபகம் இருக்கு. நடை ஞாபகம் இருக்கு. புடவையைச் சொருகற விதம் இருக்கு. முகம் மட்டும் ஒவ்வொரு நாளா கரைஞ்சு போச்சு. தப்பா ஒரு மூக்கை வெட்டிட்டா, அப்புறம் அந்த மூக்குதான் அவளோடதுன்னு நானே நம்பிடுவேனோன்னு பயம். இன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிடணும்னுதான் துணியை இழுத்தேன். உடைஞ்சிருந்ததைப் பாத்ததும், எல்லாரும் முகம் போச்சேன்னு அழுததும், எனக்கு அது சௌகரியமா போச்சு."

வீரமலை அவர் முன்னால் வந்து நின்றான்.

"அந்தச் சௌகரியத்துக்கு நான் நாலு மணி நேரம் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன் ஐயா. நீங்க நிமிர்ந்துகூடப் பாக்கல."

அடைக்கலராஜ் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. வீரமலை கைகளை உதறவும் இல்லை, இறுக்கவும் இல்லை. பிறகு பொன்னுத்தாய் பக்கம் திரும்பினான்.

"உளி பிடிச்சா மூஞ்சியை ஒருக்களிச்சு வச்சுக்கணும். பன்னெண்டு வருஷம் பக்கத்துல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியல. கண்ணு போயிருந்தா?"

நல்லுசாமி நோட்டுப் புத்தகத்தை மூடினார். "அவர் கல்லு. அவரே புகார் கொடுக்கல. இதுல எனக்கு என்ன கேஸ்? வீரமலை, நான் உன்கிட்டப் பேசினது தப்பு." கதவைத் திறந்துகொண்டு கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

சிலையை ஏற்ற வந்த லாரி வெறுமனே மெட்ராஸ் திரும்பிற்று. அன்று மாலை கடைசி வெளிச்சத்தில் நஜ்முன்னிசா சிலைக்கு எதிரே நின்று அடைக்கலராஜைக் கேட்டாள்.

"ஏண்ணே, இவ நேரா பாக்கற மாதிரிதானே முகத்துக்குக் கல்லு விட்டிருந்தீங்க?"

"ஆமா."

"அமிர்தம் யாரை நேரா பாத்தா? பதினோரு வருஷம் எதிர்ல இருந்தேன். கல்லைத்தான் குனிஞ்சு பாப்பா. பேசறப்பவும் குனிஞ்சுதான் பேசுவா. சிரிப்பு வந்தா இன்னும் குனிவா. குனிஞ்ச முகத்தைத்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கும் அதுதான் தெரிஞ்சிருக்கும்."

அடைக்கலராஜ் நெடுநேரம் கல்லைப் பார்த்தார். தாடைப்பக்கம் போயிருந்தது, நெற்றிப்பக்கம் இருந்தது. குனிந்த தலைக்கு வேண்டிய கல் மிச்சமிருந்தது.

"என்கிட்ட முன்னாலேயே கேட்டிருக்கலாமேண்ணே?"

"புருஷன்காரனே மறந்துட்டானேன்னு நீ நெனைப்பியேன்னுதான் தங்கச்சி."

"எனக்கும் பாதி மறந்துபோச்சுண்ணே. மிச்சம் இருக்கறதைச் சொல்றேன்."

அதன்பிறகு ஞாயிறுதோறும் அவள் பஸ் ஏறி வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து சொல்லுவாள், அவர் வெட்டுவார். மேல் உதடு கொஞ்சம் தடிப்பு. காது மடல் ஒட்டியிருக்கும். சில நாள் சொல்லத் தெரியாமல் அவளும் விழிப்பாள். அன்றைக்கு உளி கீழேயே கிடக்கும். வீரமலை மூன்று மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. நான்காவது மாதம் ஒருநாள் வந்து, யாரிடமும் பேசாமல் கூரைக்கு ஏறி ஓலை மாற்றிவிட்டுப் போனான். கடைசியில் பொன்னுத்தாய் நாற்பது நாள் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, அடைக்கலராஜ் நஜ்முன்னிசாவைச் சிலைக்கு முன்னால் நிறுத்தினார்.

"சொல்லு தங்கச்சி. இது அவதானா?"

அவள் வெகுநேரம் பார்த்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"முழுக்க அவ இல்லண்ணே."

அவர் தலையாட்டினார்.

"ஆனா இவளைப் பாத்தா பேசணும்போல இருக்கு," என்றாள் நஜ்முன்னிசா. முக்காலியை இழுத்துப் போட்டு, குனிந்த அந்த முகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டாள். "அடியே, கேட்டியா? நம்ம பொண்ணு ஆபிதாவுக்கு நிக்காஹ் முடிவாயிருக்கு. பையன் ரயில்வேயில இருக்கான்..."

அடைக்கலராஜ் உளியையும் சுத்தியலையும் ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.